முகவரிப் புத்தகத்தை நீங்கள் கட்ட வேண்டாம்

“வாடிக்கையாளர் விவரம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ரெடிமேடாக ஒரு சாஃப்ட்வேர் வாங்கிவிடலாமா, இல்லை நாமே ஒரு டேட்டாபேஸ் போட்டுக்கொள்ளலாமா?”

சிறிய அமைப்புகளின் தகவல்களை ஒழுங்குபடுத்திக் கொடுப்பதுதான் என் பிழைப்பு என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். கேட்பவர் பெரும்பாலும் பதிலை முடிவு செய்துவிட்டுத்தான் கேட்பார். கணினியில் கை பழகியவர் என்றால் நாமே போட்டுக்கொள்ளலாம் என்ற பக்கம் சாய்வார். மாதக் கட்டணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்க நினைப்பவர் வாங்கிவிடலாம் என்பார். நான் பார்த்தவரை இரண்டு தரப்பும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறது. கட்டுகிறவர், உலகத்தில் எல்லோருக்கும் பொதுவான பகுதியை, அதாவது பெயர், எண், முகவரியை, மெனக்கெட்டுக் கட்டுகிறார். வாங்குகிறவர், தன் தொழிலுக்கே உரிய பகுதியைக் கொண்டுபோய், வாங்கிய பொருளில் காலியாகக் கிடக்கும் ஃபீல்டுகளில், அதாவது தகவல் நிரப்பும் கட்டங்களில், திணிக்கிறார். இது அப்படியே தலைகீழாக நடக்க வேண்டும் என்பது என் கட்சி.

பெயர், எண், முகவரி என்ன பிரமாதம், அரை மணி நேர வேலை என்றுதான் யாருக்கும் தோன்றும். தொலைபேசி எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வோம். எண்தானே என்று அந்த ஃபீல்டை ‘எண்’ வகையில் வைத்தால் முன்னால் இருக்கும் பூஜ்யமும் கூட்டல் குறியும் காணாமல் போகும். சரி, ‘எழுத்து’ வகையில் வைக்கிறீர்கள். இப்போது ஒருவர் நடுவில் இடைவெளி விட்டு எழுதுவார், இன்னொருவர் கோடு போடுவார், மூன்றாமவர் அடைப்புக்குறிக்குள் ஊர்க் குறியீட்டைப் போடுவார். ஒரே எண் மூன்று வடிவத்தில் உள்ளே உட்கார்ந்திருக்கும், தேடினால் ஒன்றுதான் கிடைக்கும். இதற்காகவே இ.164 என்று ஒரு சர்வதேச விதி இருக்கிறது: நாட்டுக் குறியீட்டோடு சேர்த்து அதிகபட்சம் 15 இலக்கம். முன்னால் கூட்டல் குறி போட்டு, இடைவெளி இல்லாமல் இந்த வடிவில் சேமித்துவிட்டு, திரையில் காட்டும்போது மட்டும் அழகாகப் பிரித்துக் காட்ட வேண்டும். செய்யலாம், ஆனால் அரை மணி நேரம் அதிலேயே முடிந்துவிட்டது.

அப்புறம், ஒருவருக்கு இரண்டு எண் இருக்கும். ‘எண் 1’, ‘எண் 2’, ‘எண் 3’ என்று ஃபீல்டு வைத்தால் ஒவ்வொரு தேடலும் மூன்று இடத்தில் நடக்க வேண்டும், நான்காவது எண் வந்தால் போடவே இடமில்லை. ஆகவே எண்களுக்குத் தனி அட்டவணை. அதுவும் ஆயிற்று. ஆனால் கணவனும் மனைவியும் ஒரே எண்ணைக் கொடுத்திருப்பார்கள். ஒரு அலுவலகத்தில் பத்துப் பேருக்கும் வரவேற்பு மேசையின் எண்தான், உள் இணைப்பு எண் மட்டும் வேறு. போதாதென்று, ஒருவர் விட்டுவிட்ட எண்ணைக் கொஞ்ச காலம் கழித்துத் தொலைபேசி நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். ஆக, எண்ணை வைத்து ஆளை அடையாளம் காணவும் முடியாது. இத்தனைக்கும் நாம் இன்னும் பெயருக்கே வரவில்லை.

பெயருக்கு வந்தால், ‘முதல் பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்று இரண்டு பெட்டி வைக்கும் வழக்கம் உலகத்தில் பலருக்குப் பொருந்தாது. ஒற்றைப் பெயர்க்காரர்கள் இரண்டாவது பெட்டியில் புள்ளி வைத்துவிட்டுப் போவார்கள். இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடிப்பது அதைவிடப் பெரிய தலைவலி. ஒலி ஒத்த பெயர்களைச் சேர்த்துப் பிடிக்க சவுண்டெக்ஸ் என்று ஒரு முறை உண்டு. 1918-இலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது, இன்றைக்கும் பல டேட்டாபேஸ்களில் தயாராகக் கிடைக்கிறது. ஆனால் அது ஆங்கில எழுத்துகளின் ஒலியை வைத்துச் செய்யப்பட்டது. குழலி என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் இசட், எச் போட்டு எழுதுவார், இன்னொருவர் வெறும் எல் போட்டு எழுதுவார். சவுண்டெக்ஸ் இரண்டுக்கும் வெவ்வேறு குறியீடு கொடுத்து, இவர்கள் இரண்டு பேர் என்று சாதிக்கும். தமிழிலேயே எழுதி வைத்துவிடலாம் என்றால் அங்கே வேறு ஒரு வில்லங்கம். சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எடுத்து எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால், கோப்பின் தொடக்கத்தில் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறைக்கான அடையாளக் குறி இல்லாதபோது, குழலி இருந்த இடத்தில் வாயில் நுழையாத குறிகளின் வரிசை இருக்கும். பக்கத்து ஃபீல்டில் இருந்த நீளமான எண் நடுவில் ‘இ’ போட்ட அறிவியல் வடிவத்துக்கு மாறியிருக்கும்.

இவை ஒன்றும் தீர்க்க முடியாத சிக்கல்கள் இல்லை. எல்லாமே எப்போதோ தீர்க்கப்பட்டவை, அதுதான் விஷயம். ஒருவரின் தொடர்பு விவரத்தை எப்படி எழுதிவைப்பது என்பதற்கு விகார்டு என்ற வடிவம் 1990-களிலேயே வந்துவிட்டது, அதன் 4.0 பதிப்பு 2011-இல் இணையத் தரமாக வெளியானது. அதே ஆண்டில், அந்த விவரத்தைச் செர்வரிலும் கைபேசியிலும் ஒரே மாதிரி வைத்திருக்க கார்டுடாவ் என்ற தரமும் வெளியானது. நீங்கள் காசு கொடுத்து வாங்கும் மென்பொருளாக இருந்தாலும் சரி, கைபேசியோடு இலவசமாக வரும் தொடர்புப் பட்டியலாக இருந்தாலும் சரி, இந்தப் பாதையில் பல வருடம் அடிபட்டு வந்தவை. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் உட்கார்ந்து இதையெல்லாம் மறுபடியும் கண்டுபிடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இனி வாங்குகிறவர்கள் பக்கம்.

தொடர்பு மேலாண்மை மென்பொருள் என்ற வகையே விற்பனைக்காரர்களிடமிருந்து பிறந்தது. அந்த வகையைப் பிரபலமாக்கிய ‘ஆக்ட்’ 1987-இல் வந்தது. அதை உருவாக்கிய பாட் சல்லிவன், மைக் முனி இருவருமே விற்பனைத் துறையில் இருந்தவர்கள். யாரிடம் எப்போது பேசினோம், அடுத்து எப்போது பேச வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள ஒரு கருவி வேண்டியிருந்தது, செய்தார்கள். 1999-இல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ் இதையே பிரவுசருக்குள் கொண்டுவந்தது. பெயரிலேயே சேல்ஸ் இருக்கிறது. இந்த மென்பொருள்களைத் திறந்தால் இடப்பக்கப் பட்டியலில் லீட், டீல், பைப்லைன் என்று வரிசையாக வருவது இதனால்தான். ஒரு மனிதர் நடுவில் இருக்கிறார், அவரைச் சுற்றிப் பேச்சுகளும் பேரங்களும் தொங்குகின்றன என்ற படம் உள்ளுக்குள் பதிந்திருக்கிறது. உங்கள் வேலையும் அப்படித்தான் என்றால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம், வாங்கிவிடுங்கள். நான்கு பேர் ஒரே வாடிக்கையாளரிடம் மாற்றி மாற்றிப் பேசும் இடத்தில், நேற்று யார் என்ன சொன்னார் என்பது எல்லோருக்கும் தெரியும்படி செய்வதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆனால் எல்லா வேலைக்கும் நடுவில் மனிதர் இருப்பதில்லை. நண்பர் ஒருவர் தையல் மெஷின்களைப் பழுது பார்ப்பவர், பட்டறைகளில் ஓடும் பெரிய மெஷின்கள். அவர் ஒரு ரெடிமேட் சிஆர்எம், அதாவது இந்த வகை வாடிக்கையாளர் மென்பொருள், வாங்கியிருந்தார். வாடிக்கையாளர் பக்கத்தில் ‘மெஷின் எண்’ என்று ஒரு கூடுதல் ஃபீல்டு. இரண்டு மெஷின் வைத்திருப்பவர்களுக்காக ‘மெஷின் எண் 2’. பதினொரு மெஷின் வைத்திருக்கும் பட்டறைக்காக, குறிப்புப் பகுதியில் ஒரு நீண்ட பட்டியல். எந்தத் தேதியில் எந்தப் பாகத்தை மாற்றினார் என்பதும் அதே குறிப்பில், ஒன்றின் கீழ் ஒன்றாக. ஓரளவு ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஒரு பட்டறைக்காரர் தன் மெஷின்களில் சிலவற்றை இன்னொருவருக்கு விற்கும் வரை. மெஷின் புது இடத்துக்குப் போய்விட்டது. அதன் சரித்திரம் முழுவதும் பழைய முதலாளியின் பக்கத்தில் தங்கிவிட்டது. புது முதலாளி கூப்பிட்டு, “இதில் ஹூக் எப்போது மாற்றியது?” என்று கேட்டால், யாருடைய பக்கத்தைத் திறப்பது?

மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. அதன் கண்ணுக்கு மெஷின் என்பது ஒரு மனிதரின் குணங்களில் ஒன்று, தலைமுடியின் நிறம் மாதிரி. நண்பருக்கோ மெஷின்தான் நிலையானது, முதலாளிகள் வந்துபோகிறவர்கள்.

இவருக்குத் தேவைப்பட்டது மூன்றே அட்டவணை. முதலாவதில் மெஷின்கள்: வரிசை எண், மாடல், வாங்கிய ஆண்டு. இரண்டாவதில் உடைமை: எந்த மெஷின், யாரிடம், எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை. மூன்றாவதில் சர்வீஸ்: எந்த மெஷின், எந்தத் தேதி, என்ன வேலை. இதில் ருசிகரமான விஷயம், சர்வீஸ் அட்டவணையில் முதலாளியின் பெயரே கிடையாது. சர்வீஸ் நடந்த தேதியை உடைமை அட்டவணையோடு ஒப்பிட்டால், அன்றைக்கு அது யாரிடம் இருந்தது என்று தானாகத் தெரிந்துவிடும். மெஷின் கைமாறினால் பழைய வரியில் முடிவுத் தேதி, புதிதாக ஒரு வரி, வேறெதையும் தொட வேண்டாம். ஒரு வருடத்தில் ஒரே பாகத்தை இரண்டு தடவைக்கு மேல் மாற்றிய மெஷின்கள் எவை என்ற கேள்விக்கு, குறிப்புகளைக் கண்ணால் படித்துத் தேடிக்கொண்டிருந்தவர் டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு வரி வினவலில் பதில் எடுக்கிறார்.

ஒரு உண்மையை ஒரே இடத்தில் வைத்து, மற்ற இடங்களிலிருந்து அதைச் சுட்டிக்காட்டும் இந்த யோசனை கணினி விஞ்ஞானி எட்கர் காட் 1970-இல் ரிலேஷனல் மாடல் என்ற பெயரில் எழுதியது. சொந்தமாகக் கட்டுவதன் பலன் முழுக்க இங்கேதான் இருக்கிறது. முகவரிப் புத்தகத்தைக் கட்டினால் இந்தப் பலனில் கால்வாசிகூடக் கிடைக்காது.

பெரிய சிஆர்எம்களில் நாமே புதிய அட்டவணைகளைச் சேர்க்க வழி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அது பல நிறுவனங்களில் விலை கூடிய திட்டத்தில்தான் கிடைக்கும், அட்டவணைகளை யோசித்து வடிவமைக்கும் வேலையும் குறையாது. கட்டுவது நீங்கள்தான், கட்டுவது அவர்களுடைய பொருளுக்குள் என்பது மட்டும்தான் வித்தியாசம். ஏற்கெனவே அந்த மென்பொருளில் ஊறிப்போனவர்களுக்கு இது நல்ல வழி. மற்றவர்களுக்கு, இரண்டின் சிரமமும் சேர்ந்து வரும்.

சரி, பெயர்கள் ஓரிடத்தில், மெஷின்கள் வேறிடத்தில் என்றால் இரண்டையும் எதை வைத்து இணைப்பது? பெயரை வைத்து இணைக்கக் கூடாது. பெயர் மாறும், எழுத்துக்கூட்டல் மாறும். எண்ணை வைத்தும் கூடாது, ஏன் என்று மேலே பார்த்தோம். விகார்டு வடிவத்தில் ஒவ்வொருவருக்கும் யுஐடி என்று தனித்த அடையாளம் ஒன்று உண்டு. தொடர்புகளை ஏற்றுமதி செய்து அந்தக் கோப்பைச் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்தால் கண்ணில் படும். உடைமை அட்டவணையில் அதைப் போட்டுவிட்டால் போதும். சில செயலிகள் ஏற்றுமதியில் அதை விட்டுவிடுகின்றன. அப்போது நாமே ஆளுக்கு ஒரு எண் கொடுத்து, தொடர்பின் குறிப்புப் பகுதியில் எழுதிவைக்க வேண்டியதுதான். அழகான தீர்வு என்று சொல்ல மாட்டேன், ஆனால் நண்பரிடம் அதுதான் ஓடுகிறது, இதுவரை தகராறு இல்லை.

எதில் கட்டுவது என்பதைப் பற்றி இணையத்தில் வாக்குவாதம் ஓயாது. என்னைக் கேட்டால் இந்த மொத்த விவகாரத்திலும் முக்கியம் குறைந்த கேள்வி அதுதான். ஃபைல்மேக்கர் 1985-இலிருந்து இருக்கிறது, மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் 1992-இலிருந்து. லிப்ரேஆஃபீஸ் பேஸ் இலவசம். நிரல் எழுதத் தெரிந்தவருக்கு எஸ்கியூலைட். அது யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய பொதுச் சொத்து, உங்கள் கைபேசிக்குள்ளேயே பல செயலிகள் அதில்தான் தகவலை வைத்திருக்கின்றன. ஏர்டேபிள் போன்றவை பிரவுசரிலேயே கட்டிக்கொள்ள விடும். ஆக்சஸ் கோப்பு 2 ஜிபியைத் தாண்டாது என்ற வரம்பைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். படங்களை உள்ளே திணிக்காதவரை ஒரு சிறு தொழிலின் பெயர்களும் தேதிகளும் அதன் பக்கத்திலேயே போகாது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: ஆக்சஸ், எஸ்கியூலைட் போன்ற கோப்பு வடிவ டேட்டாபேஸை, தானாக இணையச் சேமிப்பகத்துக்கு (கிளவுட்) நகலெடுக்கும் ஃபோல்டரில் வைத்து இரண்டு பேர் பயன்படுத்தாதீர்கள். இருவரும் ஒரே நேரத்தில் திறந்து எழுதினால், நகலெடுக்கும் செயலிக்கு எந்த வரி மாறியது என்று தெரியாது, கோப்பு மாறியது என்று மட்டும்தான் தெரியும். ஒருவருடைய வேலை ‘முரண்பட்ட நகல்’ என்ற பெயரில் தனிக் கோப்பாக ஒதுங்கிவிடும், சில சமயம் கோப்பே கெட்டுப்போகும்.

சொந்த டேட்டாபேஸ் செய்யாத இன்னொரு வேலை, நம்மைக் கூப்பிட்டுச் சொல்வது. அடுத்த சர்வீஸ் தேதி அட்டவணைக்குள் பத்திரமாக இருக்கும். ஆனால் நீங்கள் கோப்பைத் திறந்து கேட்டால்தான் அது சொல்லும். ரெடிமேட் மென்பொருள் காலையில் கைபேசியில் மணியடிக்கும். இந்த ஒரு வசதிக்காகவே காசு கொடுக்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நண்பர் வாரத்துக்கு ஒரு முறை வினவலை ஓட்டி, வருகிற தேதிகளைத் தன் கைபேசிக் காலண்டரில் ஏற்றிக்கொள்கிறார்.

உண்மையைச் சொல்லப்போனால், என்னிடம் வருபவர்களில் பலருக்கு இரண்டுமே தேவைப்படாது. ஒருவரே பயன்படுத்துகிறார், சில நூறு பேர்தான், ஆளுக்கு ஒரு வரியில் எல்லாம் அடங்கிவிடும் என்றால் எக்செல் தாளே போதும். எண் இருக்கும் நெடுவரிசையை மட்டும் முதலிலேயே ‘எழுத்து’ வகைக்கு மாற்றிவிடுங்கள். ஒரே ஆளுக்காக இரண்டாவது வரி எழுத வேண்டி வரும் நாள்தான் தாளை விட்டு நகர வேண்டிய நாள்.

வாங்குவது என்று முடிவானால், இலவச முன்னோட்டக் காலத்தை எல்லோரும் வசதிகளைச் சுற்றிப் பார்ப்பதில் செலவழிக்கிறார்கள். நான் அதில் தகவலை வெளியே எடுத்துத்தான் பார்க்கச் சொல்வேன். ஒரு இருபது பேரைப் போடுங்கள். இரண்டு பேரை ஒரே நிறுவனத்தோடு இணையுங்கள், நான்கைந்து உரையாடல் குறிப்புகள் எழுதுங்கள், ஒரு பிடிஎஃப் இணையுங்கள். பிறகு எல்லாவற்றையும் ஏற்றுமதி செய்யுங்கள். பெயர்களும் எண்களும் எப்படியும் வந்துவிடும். குறிப்புகள் வருகின்றனவா? வந்தால், எந்தக் குறிப்பு யாருடையது என்று சொல்லும் அடையாள எண்ணோடு வருகின்றனவா? பிடிஎஃப் எங்கே? நிறுவனத்துக்கும் ஆளுக்கும் போட்ட முடிச்சு அவிழாமல் இருக்கிறதா? இந்தச் சோதனையில் தேறாத மென்பொருளில் மூன்று வருட உரையாடலைக் கொட்டினால், வெளியே வரும்போது வெறும் முகவரிப் பட்டியலோடுதான் வருவீர்கள்.

வெளியே வர வேண்டிய நாள் நம் விருப்பத்தைக் கேட்டு வருவதில்லை. அவுட்லுக்கோடு சேர்ந்து ஓடிய பிசினஸ் கான்டாக்ட் மேனேஜரை மைக்ரோசாஃப்ட் 2013 பதிப்போடு நிறுத்திக்கொண்டது. திறமூலமாக, அதாவது நிரலை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளும்படி, இருந்த சுகர்சிஆர்எம் தன் இலவசப் பதிப்பைக் கைவிட்டுவிட்டது. அந்தப் பழைய நிரலிலிருந்துதான் 2013-இல் சூட்சிஆர்எம் கிளைத்தது. ‘ஆக்ட்’ சிமான்டெக், சேஜ் என்று பல கை மாறியிருக்கிறது. பெரிய நிறுவனத்தின் பொருள் என்பதால் நிரந்தரம் என்று எண்ண வேண்டியதில்லை.

செலவுக் கணக்கையும் ஒரு நடை போட்டுப் பார்த்துவிடுங்கள். மாதக் கட்டணத்தை ஆள் எண்ணிக்கையால் பெருக்கி, பிறகு 60-ஆல் பெருக்குங்கள். ஐந்து வருடத் தொகை வரும். அதன் எதிரே, கட்டுவதற்கும் பராமரிப்பதற்கும் போகும் மணி நேரங்களை வையுங்கள். கட்டும் நேரத்தைக் கணக்கில் எடுப்பவர்கள் பராமரிப்பு நேரத்தை எடுப்பதில்லை. பேக்கப், ஆபரேட்டிங் சிஸ்டம் மாறும்போது வரும் உபத்திரவம், “எனக்கு ஒரு சின்ன ரிப்போர்ட் மட்டும்” என்று கேட்கும் சகா, எல்லாம் அதில் அடங்கும்.

சட்டத்தையும் ஒரு வரியில் தொட்டுவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவர் தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவும், குறிப்பிட்ட சூழல்களில் அழிக்கச் சொல்லவும் அது உரிமை தருகிறது. இதில் வாங்கியது, கட்டியது என்ற பாகுபாடு கிடையாது. பெயர்களை ஒரே இடத்தில் வைத்து, மற்ற அட்டவணைகளில் அடையாள எண் மட்டும் இருந்தால் அழிப்பது சுலபம். சர்வீஸ் சரித்திரம் அப்படியே இருக்கும், ஆள் மட்டும் நீங்கிவிடுவார்.

கடைசியாக, கட்டியவர் போன பிறகு என்ன ஆகும் என்ற கேள்வி. வேலைக்காகப் போகும் அலுவலகங்களில் நான் மறுபடி மறுபடி பார்ப்பது இதைத்தான். எப்போதோ ஒருவர் ஆசையாகச் செய்துவைத்த டேட்டாபேஸ். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். படிவம் திறக்கிறது, பெயர் போட்டால் விவரம் வருகிறது, ஆனால் உள்ளே கை வைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. ‘நிலை’ என்ற ஃபீல்டில் 1, 2, 7 என்று இருக்கும். 7 என்றால் என்ன என்று கேட்டால் ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். நடுவில் 3 முதல் 6 வரை என்ன ஆயிற்று என்பது கட்டியவருக்கே வெளிச்சம்.

அதனால் நான் கட்டிக்கொடுக்கும் ஒவ்வொன்றோடும் ஒரு பக்கக் காகிதம் சேர்த்துக் கொடுக்கிறேன். கோப்பு எங்கே இருக்கிறது, பேக்கப் எங்கே போகிறது, அதைக் கடைசியாகத் திறந்து சோதித்த தேதி, ஒவ்வொரு அட்டவணையிலும் ஒரு வரி எதைக் குறிக்கிறது, குறியீட்டு எண்களின் பொருள், எல்லாவற்றையும் சிஎஸ்வியாக வெளியே எடுக்கும் வழி. ஒரு பக்கத்துக்குள் இது அடங்கவில்லை என்றால், அட்டவணைகள் தேவைக்கு மேல் பெருகிவிட்டன என்று எடுத்துக்கொண்டு, எதை நீக்கலாம் என்று பார்ப்பேன். நண்பரின் காகிதத்தில் இன்னும் கால் பக்கம் இடம் இருக்கிறது. உதிரி பாகங்களின் இருப்பையும் இதிலேயே சேர்க்க வேண்டும் என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்குத் தயாராகவே நல்ல மென்பொருள்கள் கிடைக்கின்றன என்று சொல்லியிருக்கிறேன்.